குழந்தைக்கு ஒரு தனி அறை

கண் பரிசோதிக்கிறவனுக்கே கண் திறக்கவில்லை என்றால் கடை எப்படி நடக்கும்? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவன், அன்று ஒரு வாடிக்கையாளரைச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். அவர் அடுத்த வரிக்கு வருவதற்குள் நின்றபடியே தூங்கிப்போனான். முதலாளி வந்து தட்டி எழுப்பினார்.

"பெரிய எழுத்தையே அவர் இன்னும் படிச்சு முடிக்கல. அதுக்குள்ள நீ குறட்டை விடறே. இன்னொரு தடவை பார்த்தேன்னா, அப்புறம் வீட்லயே தூங்கிக்கலாம்."

வீட்டில் தூங்க முடிந்தால் அவன் ஏன் கடையில் தூங்கப்போகிறான்? இதை முதலாளியிடம் சொல்ல முடியுமா?

எல்லாம் மகளால் வந்தது. இன்னும் நிற்கத் தெரியாதவள். ஆனால் படுக்கத் தெரிந்தவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் குறுக்கே படுப்பாள். தலை அம்மா பக்கம், கால் அப்பா பக்கம். அவளுக்கு முத்தம், இவனுக்கு உதை. கட்டில் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில், கொடியில் போட்ட ஈரத்துண்டு மாதிரி அவன் தொங்கிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் கண்ணாடி வாங்க வந்த ஒருவர், தான் இருந்துவிட்டு வந்த நாட்டில் கைக்குழந்தையைக்கூடத் தனி அறையில்தான் படுக்கவைப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தன் மகள் இனி அந்த நாட்டு முறைப்படிதான் வளரப்போகிறாள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

ஆனால் மனைவியிடம் தனியாகப் பேசி அவன் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் விடுமுறை நாளில் மேல்வீட்டு அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். கல்லூரியில் மானுடவியல் நடத்துகிறவர். உலகத்து ஜனங்கள் எப்படிப் பிள்ளை வளர்க்கிறார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"தனியாப் படுக்க வைக்கிற ஊர் இருக்கு, இல்லையாக்கா?"

"நிறைய இருக்கு தம்பி. அப்பதான் பிள்ளை சொந்தக் கால்ல நிக்கும்னு நினைக்கறாங்க."

"கேட்டியா?" என்றான் மனைவியிடம்.

"அதே சமயம், பிள்ளையை ஒட்டிப் படுக்கவைக்கிற ஜனங்ககிட்ட இதைச் சொன்னா, ஐயோ பாவம்னு கண்கலங்குவாங்க. ரெண்டு பக்கமும் பிள்ளை வளரத்தான் செய்யுது."

அவன் அவசரமாகப் பேச்சை மாற்றினான். "அழுதாலும் உடனே போய்த் தூக்க மாட்டாங்களாமே."

"சில பேர் அப்படி. இன்னும் சில காட்டு ஜனங்க இருக்காங்க. அங்க அப்பாதான் பகல்ல பாதி நேரம் பிள்ளையைக் கைக்கெட்டற தூரத்துல வச்சிருப்பார். அம்மா வர்ற வரைக்கும் பிள்ளை அழுதா, தன் மாரையே சப்பக் கொடுப்பார்னு எழுதியிருக்காங்க."

அவன் தன்னையறியாமல் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டான்.

மனைவி தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். "தனி அறையே இருக்கட்டுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமாகி இப்படி ஒரு வாக்கியத்தை அவன் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டான். துணி தேய்க்கும் சின்ன அறையைக் காலி செய்து, தொட்டிலை அவனே தூக்கிக்கொண்டு போய் வைத்தான்.

மத்தியானம் மகளை அதில் கிடத்திக் கதவைச் சாத்தினான். முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு விசும்பல். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும் அழுகை.

மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அழறாளே," என்றான்.

"அழட்டும். சொந்தக் கால்ல நிக்கணும்ல."

"மூச்சு முட்டிடப் போகுது."

"அந்த ஊர்ல யாருக்கும் முட்டலையாமே."

அவள் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்ததை அவன் கவனிக்கவில்லை. உள்ளே அழுகை கமறி, நடுவில் 'ப்பா' மாதிரி என்னவோ கேட்டது. அது வெறும் விக்கலாகவும் இருக்கலாம். அவன் உள்ளே ஓடினான்.

மகளைத் தூக்கினான். தனி அறை கேட்டவனுக்குக் கன்னத்தில் தனி அறை ஒன்று கிடைத்தது. அடித்த கையாலேயே அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் சாய்ந்து தூங்கிப்போனாள். கீழே கிடத்தினால் விழித்து அழுதாள். தூக்கினால் தூங்கினாள். கடைசியில் தரையில் பாய் விரித்து அவளை மேலே போட்டுக்கொண்டு அவனும் படுத்தான். வெளியே யாரோ மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள்.

அன்றிலிருந்து அவன் வாசம் அந்த அறையில்தான். கட்டிலில் ஒரு சாணாவது இருந்தது. இங்கே மகளுக்கு அவன் நெஞ்சே கட்டில். கடையில் முதலாளி அவனைக் கண் பரிசோதனையிலிருந்து எடுத்து, கண்ணாடி துடைக்கும் வேலையில் போட்டுவிட்டார். அதைத் தூங்கிக்கொண்டே செய்யலாம்.

ஒருநாள் மாடிப்படியில் அக்கா அவன் மனைவியை நிறுத்தினார். உள்ளே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்த அவன் காதில் விழுந்தது.

"என்ன, குழந்தை தனியாப் படுக்கப் பழகிட்டாளா?"

"அவ எங்க பழகினாக்கா? அப்பாவை விட்டு நகர மாட்டேங்கறா. நான்தான் நல்லாப் பழகிட்டேன்."