கட்சி சாராத கொம்பு

"அத்தான், நீரு நம்ம கட்சின்னு ஒரு வார்த்தை சொல்லலியே!"

மச்சினன் மாடசாமி வந்து கட்டிப்பிடித்த பிறகுதான் ஆவுடையப்பன் தன் பசுவை நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்ற வெள்ளச்சிக்கு இரண்டு கொம்பிலும் மாடசாமியின் கட்சிக்கொடி போலவே நீலமும் மஞ்சளும் பட்டை பட்டையாக இருந்தன. மாட்டுப் பொங்கலுக்குக் கடையில் மிச்சமிருந்த பெயின்டை வாங்கிப் பூசியதைத் தவிர அவர் ஒரு பாவமும் அறியார்.

உள்ளேயிருந்து மனைவி செண்பகம் ஓடிவந்தாள்.

"மாப்பிள்ளையோட அப்பா எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளரு. நாலு மணிக்கு நிச்சயம் பேச வாராவ. போன மாசம் ஒரு கல்யாணத்துல நீலமஞ்சத் தோரணத்தப் பாத்துட்டுப் பந்தியிலேருந்து எந்திரிச்சுப் போன மனுசன்!"

முப்பது வயதில் மகளுக்கு அமைந்த வரன். ஆவுடையப்பன் நீலமஞ்சள் மேல் அவசரமாகப் பச்சை பூசினார். அது செயலாளர் கட்சியின் நிறம்.

மாடசாமி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"பச்சையா? அப்ப தாய்மாமன் இல்லாமலே தாலியக் கட்டிக்கிடுங்க."

"எய்யா, போயிராத!" என்று அலறிய செண்பகம் கணவனிடம் திரும்பினாள். "ஆளுக்கொரு கொம்பு குடுத்துத் தொலைங்க!"

வலது கொம்பு பச்சையாகவே இருந்தது. இடது கொம்பு மறுபடி நீலமஞ்சள் ஆனது. மாடசாமி பாதி சமாதானமானான். வெள்ளச்சி கரும்புத் தோகையை மென்றுகொண்டிருந்தது.

தெருவில் போன பால் சொசைட்டித் தலைவர் சைக்கிளை நிறுத்தினார்.

"கூட்டணி அமைஞ்சிட்டா வே? எத்தனை சீட்டு?"

கால்மணி நேரத்தில் வாசலில் இருபது பேர் கூடி, யார் யாரிடம் விலை போனார்கள் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் பொறுமை இழந்தார். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டுவந்து இரண்டு கொம்பையும் தேய்தேயென்று தேய்த்தார். பொட்டு நிறமில்லை.

"இப்ப எவன் என்ன சொல்லுவான்?"

கூட்டம் கலைந்தது. நாலு மணிக்குத் தெருமுனையில் வேன் சத்தம் கேட்டது. ஆனால் வேன் உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போனது. சற்று நேரத்தில் கல்யாணத் தரகர் சுடலைமுத்து மட்டும் தலையைக் குனிந்தபடி நடந்துவந்து, ஆவுடையப்பனின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"மாட்டுப் பொங்கலன்னிக்குக் மாடு வெறுங்கொம்போட நின்னா துட்டி வீடுதானே அண்ணாச்சி? மாலை வாங்கத் திரும்பிப் போயிருக்காவ. செத்தது யாரு, எந்தக் கட்சின்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாவ."