முப்பதாயிரம் யூரோ வயிற்றுவலி

காசு கொடுத்து வாங்கிய எதையும் சும்மா விடுவதில்லை என்பது என் கொள்கை. திருக்கனூர் சந்தையில் கத்திரிக்காய் வாங்கினால் கொசுறு கறிவேப்பிலை வராமல் கடையை விட்டு நகர மாட்டேன். திருபுவனை கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்த உடம்பு இது.

அப்பேர்ப்பட்ட என்னிடம், பிரான்சுக்கு விசா வேண்டுமானால் முதலில் பயண இன்சூரன்ஸ் எடு என்றார்கள். வில்லியனூர் ஏஜென்ட் கலைவேந்தன் பாலிசியை நீட்டினான்.

"முப்பதாயிரம் யூரோ வரைக்கும் கவர் சார். ஆஸ்பத்திரி, ஆம்புலன்சு, எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க."

"எனக்கு ஒண்ணும் ஆவலன்னா?"

"சந்தோஷம் சார்."

"கட்டின காசு?"

"அது போனது போனதுதான்."

அதாவது நான் ஆரோக்கியமாகத் திரும்பினால் கம்பெனிக்கு லாபம், எனக்கு நஷ்டம். இதைப் பெரிய அநியாயமாக நினைத்தேன். அந்த எரிச்சலில் இருபத்தேழு பக்கத்தையும் வரி விடாமல் படித்து, என் மனைவி வைஜெயந்திக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கேட்கவில்லை என்று நான் நினைத்தேன். அதுதான் என் முதல் தப்பு.

பயணம் ஒன்பது நாள். வைஜெயந்தியின் தங்கை பிரேமா, கல்யாணம் ஆகிப் போய் இருபது வருஷமாகப் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். டிக்கெட் அவள் உபயம். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஈபிள் டவர் முன்னால் நின்று ஒரு செல்ஃபி. என்னோடு வேலை பார்த்த பாக்யராஜ், மலேசியா போய் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படத்தை ஒரு வருஷமாக எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் குட்மார்னிங்கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைக்க வேண்டும். "அடுத்த வாரம் பாருடா" என்று குரூப்பில் சவாலும் விட்டுவிட்டேன்.

ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பிரான்சுக்குப் போகிறான் என்று காற்றுவாக்கில் தெரிந்தால் போதும், அங்கே சொந்தம் உள்ளவர்கள் எல்லாம் பார்சலோடு வாசலில் வந்து நிற்பார்கள். கூழ் வடகம், வஞ்சிரக் கருவாடு, மிளகாய்த் தூள், ஒருத்தர் வீட்டில் இருந்து அம்மிக் குழவி. மொத்தம் பதினோரு பார்சல். என் சட்டைகளை எடுத்துவிட்டுத்தான் பெட்டியை மூட முடிந்தது. பார்சலைத் தபாலில் அனுப்பக் கூடாது. நேரில் போய்க் கொடுத்து, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

பாரீசில் இறங்கிய முதல் நாள் தூக்கத்திலேயே போனது. சாயந்திரம் பிரேமா ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"மாமா, நாளிக்கி காலைல பாகூர்க்காரங்க வூடு, மத்தியானம் சேதராப்பட்டுக்காரங்க வூடு, ராவுக்கு..."

"டவர் எப்ப?"

"பதினோரு வூடும் முடியட்டும் மாமா. டைம் இருந்தா பார்க்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்லியனூரில் சாப்பிடுகிற சாம்பாரை வேறு வேறு ஊர்க்காரர் வீட்டில் சாப்பிடவா விமானம் ஏறி வந்தேன்?

அப்போதுதான் இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. நோய் வந்தவனை விருந்துக்கு இழுத்துப் போக மாட்டார்கள். நான் படுத்துவிட்டால் அக்காளும் தங்கையும் பார்சலோடு கிளம்பிவிடுவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் டவருக்கு. நெஞ்சுவலி என்றால் கத்தியை எடுத்துவிடுவார்கள். வயிற்றுவலிதான் பத்திரம். உலகத்தில் எந்த டாக்டராலும் பொய் என்று நிரூபிக்க முடியாத வலி அது. பள்ளிக்கூட நாளிலேயே எனக்கு நல்ல அனுபவம்.

மறுநாள் காலை புடவை கட்டிக்கொண்டிருந்த வைஜெயந்தியிடம் முனகினேன்.

"வைஜி... வயிறு பிடுங்குது."

"அய்யய்யோ! எங்க?"

"இங்க. இல்ல, இங்க. நீங்க போய்ட்டு வாங்க. நான் படுத்துக் கெடக்கிறேன்."

"நல்லாக் கீதே! புருஷன இப்பிடிப் போட்டுட்டு விருந்துக்குப் போவாங்களா? பிரேமா, அந்த இன்சூரன்ஸ் நம்பரப் போடு!"

எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது.

"நம்பர்லாம் வேணாண்டி. ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்."

"இன்னா வேணாம்? காசு கட்டிக்கிறோம் இல்ல? சும்மா விடுவீங்களா?"

என் கொள்கையை என் மீதே திருப்பினாள். இருபது நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நம் ஊரில் அழைத்தால் எந்தத் தெரு என்று கேட்கவே அவ்வளவு நேரம் ஆகும். இந்தப் பாழாய்ப்போன நாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது. பாரீஸ் வீதிகளை நான் பார்த்தது அந்த வண்டிக்குள் படுத்தபடிதான். மரக்கிளையும் மாடி ஜன்னலும் தலைகீழாகப் போயின.

ஆஸ்பத்திரியில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மனித உடம்பில் எத்தனை வாசல் உண்டோ அத்தனையிலும் எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை ஒரு இளம் டாக்டர் பிரேமாவிடம் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். நடுவில் ஒரு தடவை சிரித்தார். ஒரு காகிதம் கொடுத்தார். அக்காளும் தங்கையும் வராண்டாவில் தலையோடு தலை சேர்த்துப் பேசிவிட்டு வந்தார்கள்.

"இன்னா சொன்னாரு?"

பிரேமா சொன்னாள்: "குடல்ல லேசா வீக்கமாம் மாமா. அஞ்சு நாள் படுக்கைய வுட்டு எறங்கக் கூடாதாம். கஞ்சி மட்டும்தான்."

"அஞ்சு நாளா? ஆறாம் நாள் விமானம் ஏறணுமே!"

"அதுக்கு ஏறலாமாம்."

இல்லாத நோய்க்கு இந்த டாக்டர் எப்படி வீக்கம் கண்டுபிடித்தார்? வெளிநாட்டுப் படிப்பின் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

அன்று மத்தியானமே செய்தி பரவி, பதினோரு குடும்பமும் பிரேமா வீட்டுக்கு வந்துவிட்டது. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. கடல் தாண்டியும் அது மாறவில்லை. ஆரஞ்சு, ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்பது. "இன்னாண்ணே, வந்த எடத்துல இப்பிடியா?" என்று வருத்தப்பட்டார்கள். கிளம்பும்போது வைஜெயந்தி அவரவர் பார்சலை அவரவர் கையில் கொடுத்தாள். இந்த நிலைமையில் விருந்துக்கு வா என்று யார் அழைப்பார்கள்? ஒரே சாயந்திரத்தில் பதினோரு வீட்டுக் கடமையும் தீர்ந்தது. அம்மிக் குழவி உட்பட.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்க் கஞ்சி.

"எங்கடி?"

"உங்களுக்கு வேண்டிக்கத்தான்."

மத்தியானம் போனில் படம் வந்தது. ஈபிள் டவர் உச்சியில் வைஜெயந்தி, இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு.

போன் போட்டேன். "இதான் வேண்டுதலா?"

"ஒசரத்துல நின்னு வேண்டிக்கிட்டா சாமிக்குச் சட்டுனு கேக்கும்னு பிரேமா சொன்னா."

"எனக்கு இப்ப நல்லா ஆயிடுச்சு வைஜி. சுத்தமா வலி இல்ல. நானும் வரேன்."

"வலி இல்லாத மாரிதான் இருக்குமாம். எறங்கிடாதீங்க. டாக்டர் பேச்ச மீறி வெளிய போனா இன்சூரன்ஸ்காரன் பைசா தர மாட்டான். நேத்து ஆஸ்பத்திரி பில்லும் நம்ம தலைலதான். பத்தொம்பதாம் பக்கம். நீங்கதான் படிச்சிக் காட்டுனீங்க."

பாலிசியை எடுத்துப் புரட்டினேன். பத்தொன்பதாம் பக்கம், நாலாவது வரி. சத்தியமாக அப்படித்தான் போட்டிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை என் கதை.

செவ்வாய் ஆற்றில் படகு. புதன் அரண்மனை. வியாழன் ஏதோ சர்ச். வெள்ளி முழுக்கக் கடைத்தெரு. தினமும் படம் வந்தது, தினமும் கஞ்சி வந்தது. பாக்யராஜ் குரூப்பில் கேட்டான்: "டவர் இன்னா ஆச்சு அண்ணே, வித்துட்டாங்களா?" ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய். அதைத்தான் எடுத்துப் போட முடியும். அழுகையே வந்துவிட்டது. அறுபத்தோரு வயதில், ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றைப் பத்து கிலோமீட்டரில் வைத்துக்கொண்டு, நான் ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் கலைவேந்தன் ஒரு ஆறுதல் சொன்னான். ஆஸ்பத்திரியில் இருந்த நாளுக்குத் தினப்படி உண்டாம். டாக்டர் கொடுத்த காகிதத்தை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

"வுடுங்க, போனா போவுது" என்றாள் வைஜெயந்தி.

கொசுறை விடுகிறவனா நான்? பாகூரில் செல்லப்பன் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. அந்தப் பக்கத்தில் யாருக்கு பிரெஞ்சுக் காகிதம் வந்தாலும் அவர்தான் படிப்பார். ஸ்கூட்டரில் அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பப் படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா இது? 'எல்லாச் சோதனையும் செய்தோம். ஒரு நோயும் இல்லை. எல்லாம் சாப்பிடலாம். தினமும் வெளியே போய் நன்றாக நடக்க வேண்டும்'னு எழுதிக்கிறான்."

நான் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். அவர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"இன்னும் ஒரு வரி கீது. 'உறவினர் வீட்டுக்குப் போகச் சொன்னால் மட்டும் இந்த வலி வருவதாக மனைவி தெரிவித்தார்.'"

வைஜெயந்தி பக்கம் திரும்பினேன். என் குரல் எனக்கே காதை அடைக்கிற அளவுக்கு உயர்ந்தது.

"ஒண்ணும் இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துக்கிறாரு! அஞ்சு நாள் என்னப் படுக்கப் போட்டு, கஞ்சி ஊத்தி, நீ டவர் ஏறுனியாடி?"

அவள் அசரவில்லை. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"நீங்க வலிக்குதுன்னீங்க. அந்த ஆளு ஒண்ணும் இல்லன்னாரு. தாலி கட்டின புருஷன் பேச்ச நம்பறதா, முன்னபின்ன தெரியாத வெள்ளக்காரன் பேச்ச நம்பறதா? நான் உங்களத்தான் நம்புனேன். அது தப்புன்னா இப்பவே பெரியவர் எதிர்ல சொல்லிடுங்க. அன்னிக்கி வயிறு வலிச்சுதா, இல்லியா?"

செல்லப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் வாயையே பார்த்தார்.

"வலிச்சுது" என்றேன்.