பாதி மனைக்கு முழுக் கையெழுத்து

முடியாது என்று மனைவியிடம் சொல்லிவிடுவது என லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தீர்மானித்தது காலையில் பல் தேய்க்கும்போது. நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. அடுத்த அறையிலிருந்து, "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்று குரல் கேட்டது. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன் என்றார். குழாய் ஒழுகவில்லை.

பதினெட்டு வருஷமாக அவர் வேலையே முடியாது என்று எழுதுவதுதான். வடம் தேய்ந்திருந்தால் முடியாது. கதவு அரை விரல் இடைவெளி விட்டு நின்றால் முடியாது. பெரிய கட்டடங்களின் முதலாளிகள் அவருடைய பேனா எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆனால் லிஃப்டுக்கு வாய் கிடையாது. சோதனைக்காக ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வார். பத்திரமானது என்று சான்று எழுதி ஒட்டியதும் படியில் இறங்கி வந்துவிடுவார்.

அவர் மனைவிக்குத் தண்ணீர் சப்ளை அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. எவ்வளவு கோபமாகப் பேசினாலும் கடைசிவரை கேட்பாள். புரியுதுங்க என்பாள். ஒரு எண் கொடுப்பாள். பேசியவர் மனம் குளிர்ந்து போனை வைப்பார். தண்ணீர் எப்போது வருவதாக இருந்ததோ அப்போது வரும்.

மனை விஷயம் அந்த அலுவலகத்தில்தான் முளைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நீச்சல் மாஸ்டரின் மனைவி. ஊருக்கு வெளியே ஒரு மனை விலைக்கு வந்தது. ஒரு குடும்பத்தால் தாங்காத விலை. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கி, நடுவில் ஒரே சுவர் எழுப்பி, முதுகோடு முதுகு சாய்ந்தாற்போல் இரண்டு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். ஆண்களுக்குத் தகவல் சொல்லப்பட்டது.

நால்வருமாக வங்கிக்குப் போனபோது கடன் அதிகாரி விளக்கினாள். சின்னப் பெண்தான். சுவர் எழும்பி அளந்து முடிக்கும்வரை மனையைக் காகிதத்தில் இரண்டாகப் பிரிக்க முடியாது. அதனால் ஒரே கடன். நான்கு கையெழுத்து. இருபது வருஷம்.

"ஒருத்தர் கட்டலைன்னா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"மத்தவங்க கட்டணும் சார்."

"எவ்வளவு?"

"முழுசும்," என்றாள், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற முகத்தோடு.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வடத்தில் ஒன்று அறுந்தால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்கும் என்று அவருடைய துறைப் புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகம் எழுதியவர் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எழுதவில்லை. அதுவும் இன்னொரு வடம் யார்? நீச்சல் மாஸ்டர். ஆறடி உருவம், குளத்துக்கு அக்கரையிலும் கேட்கிற தொண்டை. ஒன்றும் ஆகாது, நான் இருக்கேன் என்று சொல்லிச் சொல்லியே ஆளை ஆழத்தில் தள்ளுவது அவர் தொழில். தள்ளியபின் கரையில் நின்று விசில் ஊதுவார்.

முடியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பதினாலு வருஷத்தில் இது ஏழாவது வாடகை வீடு. ஐந்தாவது வீட்டில் கட்டிய மூன்று பெட்டிகளை மனைவி இன்னும் பிரிக்கவில்லை. எப்படியும் திரும்பக் கட்டணும், எதுக்குப் பிரிக்கணும் என்பாள். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் ஷூவுக்கு நாடா கட்டுவார். கட்டும்போது அவற்றின் பக்கம் திரும்பமாட்டார்.

பல் தேய்த்த கையோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"அந்த மனை விஷயம்..."

"சொல்லுங்க."

"மாஸ்டர் நல்லவர்தான்."

"ஆமா."

"நல்லவங்களுக்கும் வேலை போகும்ல."

"போகும்."

"கை கால் முறியும்."

"முறியும்."

"அப்ப அவர் பங்கையும் நான்தானே..."

"புரியுதுங்க," என்றாள் அவள். "உங்க பயம் நியாயமானது. மனசுல வெச்சுக்கறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பேங்க்ல கையெழுத்து. நீலச் சட்டையை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்."

அலுவலகமாக இருந்தால் ஒரு புகார் எண்ணாவது கிடைத்திருக்கும்.

அவளிடம் மறுக்க முடியாது என்றால், மாஸ்டரை மறுக்க வைக்க வேண்டும். இந்த யோசனை தோன்றியதும் இன்ஸ்பெக்டருக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது. இந்த ஆளோடு சேர்ந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று மாஸ்டர் அலறி ஓட வேண்டும். நேரில் சொன்னால் நாக்கு குழறும். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தார். கைக்கு வந்தது சோதனைப் படிவம்தான். எழுதி எழுதிப் பழகிய கை, தானே நிரப்ப ஆரம்பித்தது.

சோதிக்கப்பட்ட பொருள் என்ற இடத்தில் நான் என்று எழுதினார். பயன்பாட்டுக் காலம் நாற்பத்தேழு வருஷம். அதிகபட்சப் பாரம் ஒரு குடும்பம், அதுவும் சிறியது. குறைகள் என்ற பகுதிக்கு வந்ததும் பேனா வேகமெடுத்தது. மேலதிகாரிக்கு இவர்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. படபடப்பு உண்டு. நெருக்கடி நேரத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும் சுபாவம் உண்டு. சீட்டாடுவார் என்றும் சேர்க்க ஆசையாக இருந்தது. சீட்டைத் தொட்டதில்லை. அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதக் கை கூசியது. பிற்காலத்தில் ஆடக்கூடும் என்று எழுதினார். முடிவு: இருவர் சேர்ந்து பயன்படுத்தத் தகுதியற்றது. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பழக்க தோஷம்.

மத்தியானம் நீச்சல் குளத்துக்குப் போனார். குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. கரையிலிருந்து நான்கு முழம் தள்ளியே நின்று கையை நீட்டிக் காகிதத்தைக் கொடுத்தார். மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே படித்தார். பாதியில் விசில் நழுவிக் கழுத்தில் தொங்கியது. பிறகு அதை எடுத்து நீளமாக ஊதிக் குழந்தைகளைக் கரையேற்றினார். இன்ஸ்பெக்டரின் முழங்கையைப் பிடித்து, மிதவைப் பலகைகள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

செத்தோம் என்று நினைத்தார் இன்ஸ்பெக்டர்.

"சார்," என்றார் மாஸ்டர். அந்தத் தொண்டையில் இவ்வளவு சின்னக் குரலும் இருந்தது. "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அந்த பேங்க் பொண்ணைப் பார்த்தாலே எனக்கு எழுந்து ஓடிடணும்போல இருக்கு. மூணு வாரமாத் தூக்கமில்ல. உங்க லிஃப்ட் ஏதாவது அறுந்து, உங்களை உள்ள தூக்கி வெச்சுட்டாங்கன்னு வெச்சுக்குங்க..."

"என் லிஃப்ட் எதுவும் அறுந்ததில்லை."

"சும்மா ஒரு பேச்சுக்கு சார். உங்க பங்கும் என் தலையிலதானே விடியும்? இதை வீட்டுல சொல்ல முடியுமா? ஆழத்துல குதிக்கறவன் கடனுக்குப் பயப்படறான்னு சிரிப்பா."

தன்னைப் பார்த்தும் ஒருவன் பயப்படுகிறான் என்பதில் இன்ஸ்பெக்டருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஆனால் ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார். ஈரப் பலகைகளின்மேல் உட்கார்ந்து இருவரும் திட்டம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரி சம்மதமா என்று கேட்கும்போது, எனக்கு இவர்மேல் நம்பிக்கை இல்லை என்று அவரைப் பற்றி இவரும் இவரைப் பற்றி அவரும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய், நான் தயாராத்தான் இருந்தேன், அந்த ஆள்தான் கெடுத்துட்டான் என்று இருவரும் தப்பித்துக்கொள்ளலாம். யார் முதலில் சொல்வது என்பதில் கால்மணி நேரம் போயிற்று. நீங்கள்தான் பெரியவர் என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டார்கள். கடைசியில், மாஸ்டர் மூன்று தட்டு தட்டுவது, மூன்றாவது தட்டில் இருவரும் சேர்ந்து குதிப்பது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மாஸ்டர் போன் செய்தார்.

"சார், உங்க காகிதத்தை ஈரத் துண்டோட பையில போட்டிருந்தேன். இப்பப் பையில இல்ல."

"பின்ன?"

"துணி காயப்போடற கொடியில இருக்கு. கிளிப் மாட்டித் தொங்குது."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் கேக்கல சார்."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே."

இருவரும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டரின் மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் ஒரு கரண்டி அதிகமாகவே போட்டாள். மாஸ்டர் சௌக்கியமா என்று மட்டும் விசாரித்தாள். அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டலில் இருந்த கனிவு அவரை மேலும் கலக்கியது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. வங்கி நான்காவது மாடி. பெண்கள் லிஃப்டில் போனார்கள். இன்ஸ்பெக்டர் படியேறினார். மாஸ்டரும் துணைக்கு வந்தார். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அதில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களுக்குச் சுவரோரமாக ஒரு பெஞ்சு.

அதிகாரி கோப்பைத் திறந்தாள். மாஸ்டர் பெஞ்சில் ஒரு தட்டு தட்டினார். இன்ஸ்பெக்டர் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தார். இரண்டாவது தட்டு.

"நீங்க ரெண்டு பேரும் கடன்ல வர வேண்டாம் சார்," என்றாள் அதிகாரி.

மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது.

இன்ஸ்பெக்டரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். "உங்க பயம் நியாயமானதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல. மாஸ்டர் வீட்டு அக்காவும் நானும் பேசினோம். கடனை நாங்க ரெண்டு பேரே வாங்கிக்கறோம். எங்க ரெண்டு பேர் பேர்லயே மனை."

மாஸ்டரின் மனைவி கணவர் பக்கம் திரும்பாமலே, இனிமே நிம்மதியாத் தூங்குங்க என்றாள். அந்தக் குரலில் கோபமில்லை. இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பெண்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தார்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருப்பதாக அதிகாரி சொன்னாள். பெண்களின் சம்பளம் மட்டும் கணக்குக்குப் போதவில்லை. ஒரு பாதியில் அவர்கள் இருந்துகொண்டு மறு பாதியை வாடகைக்கு விடப்போவதாக எழுத்தில் காட்டினால் கடன் கிடைத்துவிடும்.

"நம்பிக்கையான ஆளா யாராவது கிடைப்பாங்களான்னு பார்த்துட்டிருக்கோம்," என்றாள் மாஸ்டரின் மனைவி.

"வெளி ஆள் ஒருத்தர் கேட்டிருக்கார்," என்றாள் இவர் மனைவி. "அவருக்கே குடுத்துடலாம். ஆனா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வேற எங்கயாவது இடம் பார்த்துக்கணும். அதான் யோசிக்கறேன்."

எட்டாவது வாடகை வீடு. தனியாக. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இன்ஸ்பெக்டருக்கு அதன் வாசற்படி கண்ணில் தெரிந்தது.

"நாங்களே இருந்துக்கறோம்," என்றார் அவசரமாக. மாஸ்டரும் ஆமாம் ஆமாம் என்றார்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கமாவா இருக்கணும்?" என்று மட்டும் தன் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டார் மாஸ்டர்.

"காகிதத்துலதாங்க. வாடகை ஒழுங்கா வந்தா எந்தப் பக்கம் வேணா இருங்க," என்றாள் அவள்.

வாடகை. பதினாலு வருஷமாகக் கொடுத்துப் பழகிய வாடகை. அதில் பயப்பட என்ன இருக்கிறது? ஒப்பந்தம் தயாராக டைப் செய்து வைக்கப்பட்டிருந்தது. பேனா ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஆண்கள் இருவரும் போட்டி போட்டார்கள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட வேகத்தில் பக்கத்தை அதிகாரிதான் திருப்ப வேண்டியிருந்தது.

தன் நகலைச் சுருட்டிக்கொண்டு படியில் இறங்கியபோது மூன்று வாரத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய்த் திரும்பியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் சும்மா பிரித்துப் பார்த்தார். அட்வான்ஸ் தொகை எங்கோ பார்த்தது போலிருந்தது. மனைக்கு அவர் பங்காகக் கொடுக்க வைத்திருந்த சேமிப்பு அது. இரண்டாவது மாடியில் வாடகையைப் பார்த்தார். இரண்டு ஆண்களுடையதையும் கூட்டினால் மாதத் தவணை வந்தது. ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை. காலம் இருபது வருஷம். முதல் மாடியில் கடைசிப் பத்தியைப் படித்தார். வாடகைதாரர் இருவரில் ஒருவர் கொடுக்கத் தவறினால் மற்றவர் முழுத் தொகையையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான்கு படி கீழே மாஸ்டரும் தன் நகலில் அதே பத்தியைப் படித்தபடி நின்றுபோயிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டார்கள்.

"சார், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் மாஸ்டர்.

"உங்க வேலை நிரந்தரம்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாசலில் பெண்கள் இருவரும் காத்திருந்தார்கள். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச்சு. வாழ்க்கையில் இருந்த தைரியத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் மனைவியின் முன்னால் போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் மாஸ்டர் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இல்ல, இருபது வருஷம் நாங்க கட்டி முடிச்சப்புறம்... இந்த வீடு யாருக்கு?"

"அதெல்லாம் ஓனருங்க கவலைங்க," என்றாள் மனைவி. "வாடகைக்கு இருக்கறவங்க அதுக்கெல்லாம் பயப்படக் கூடாது."