விடுமுறை நாளில் ஓடாத நாலு பன்னிரண்டு

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் குஸுமி அவர்களுக்கு,

வசந்தம் வந்துவிட்டதாக நாட்காட்டி சொல்கிறது. எங்கள் ஊர்ப் பனிக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. தோக்கியோவில் தாங்களும் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். நான் சிஸுருவின் தகப்பன், இனகாகி தொக்குஜி. மிசுனோகி ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவன்.

என் மகளின் நாவல் இந்த ஆண்டுத் துப்பறியும் நாவல் விருதுக்கான கடைசி ஐந்தில் ஒன்றாக வந்திருப்பது தங்கள் தயவு. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி கேட்கத்தான் எழுதுகிறேன்.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டைப் பாருங்கள். கொலை நடந்த நேரத்தில் தான் மாலை நாலு பன்னிரண்டு ரயிலில் இருந்ததாக ஒருவன் சொல்கிறான், போலீஸும் தலையாட்டுகிறது. அன்றைய தேதி நவம்பர் இருபத்து மூன்று, அரசு விடுமுறை. விடுமுறையில் நாலு பன்னிரண்டு ஓடாது. அந்த ரயிலுக்கு ஆயுசெல்லாம் கொடி காட்டியவனின் மகள் இப்படி எழுதலாமா? அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குமேல் ஒரு வரி படிக்க மனசு வரவில்லை.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. எங்கள் ஊர் நூலகத்தில் ஐந்து நாவல்களையும் வரிசையாக வைத்து, சிஸுருவின் நாவலுக்குப் பக்கத்தில் கதை நடக்கும் வருடத்து ரயில் கால அட்டவணையையும் அழகுக்கு வைத்துவிட்டார்கள், யாராவது புரட்டினால் கதை கந்தல்தானே என்று அட்டவணையை இரவல் கேட்டு வாங்கி வந்து சமையலறையில் ஒளித்தேன், என் மனைவி ஃபுஸாயே நல்ல கனமாக இருக்கிறதே என்று அதைத் தூக்கி முள்ளங்கி ஊறுகாயை அழுத்தத் தொட்டிமேல் பாரமாக வைத்துவிட்டாள், நூலகத்து அம்மாள் தேடி வந்தபோது அட்டவணை உப்பில் ஊறிப்போயிருந்தது, இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், அப்படியும் வாசனை வருகிறதாம். இதற்கு நடுவே, நாலு பன்னிரண்டை ஓட்டிய பழைய டிரைவர் ஒனிகி நாவலை வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, அவனைக் கூப்பிட்டு சாக்கே மது ஊற்றிக் கொடுத்து, புத்தகப் பேச்சே வராதபடி இரண்டு மணி நேரம் அவன் முழங்கால் வலியையே விசாரித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "படிச்சேன்டா தொக்கு. அந்த முடிவு ஒண்ணே போதும்." என்னைத் தேற்றுகிறான் என்று புரிந்தது. ரயிலைப் பற்றி மூச்சுவிடவில்லை பாருங்கள், அவனல்லவா நண்பன்.

சிஸுருவும் ஃபோனில் கேட்டாள். "அப்பா, முழுசாப் படிச்சீங்களா?" படித்தேன், ரயிலெல்லாம் நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன். "வேற ஒண்ணும் தோணலையா?" என்றாள். இல்லை என்றேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை நடுவர்கள் கூடுகிறார்கள். அவளும் வழக்கப்படி முடிவுச் செய்திக்காகத் தங்களோடு உணவுவிடுதியில் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊரார் முன்னால் அவள் தலைகுனிவதை என்னால் தாங்க முடியாது. கெட்ட பெயர் என்னோடு போகட்டும். நடுவர்கள் ஐவருக்கும் இதே விஷயத்தை எழுதி, நேற்றே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

பருவம் மாறும் நேரம். தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தார் அனைவருக்கும் என் வணக்கம்.

பணிவுடன்,
இனகாகி தொக்குஜி

பின்குறிப்பு: தபால்தலை கேட்டதற்கு ஃபுஸாயே கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கடைசி அத்தியாயத்தப் படிச்சீங்களா இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்காரவைத்தாள். அதில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வருகிறார். என்னைப் போலவே இருமிவிட்டு, "அன்னிக்கு லீவு. நாலு பன்னெண்டு ஓடல" என்கிறார். கொலைகாரன் அகப்படுகிறான். உடனே மகளை ஃபோனில் கூப்பிட்டேன், இருமல்தான் வந்தது. "இப்பத்தான் படிச்சீங்களாப்பா?" என்றாள். ஐயா, நடுவர்களாவது கடைசிவரை படித்திருப்பார்கள் அல்லவா? அவர்களிடம் தாங்கள்தான் எப்படியாவது எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று: அந்த ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியை மேசைமேல் வைக்கிறார். நாங்கள் கொக்கியில்தான் மாட்டுவோம். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.