எட்டு அங்குலமா, பதினாறு அங்குலமா?

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் நடமாடிய எந்த ஜீவனும் ஜன்னல் கார்டின் பார்வைக்குத் தப்பியதில்லை. மனிதர்கள், மாட்டுவண்டிகள், மலைக்கோட்டையில் மேய்ந்த ஆடுகள், ஜங்ஷனில் படுத்திருந்த நாய்கள் என்று சகலரையும் அவர் ஓர் அட்டையின் ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்து முடித்திருந்தார். 'என்னைப் பார்க்கவில்லையே' என்று யாராவது சொன்னால், சொன்னவர் அப்போது ஊரில் இல்லை என்று அர்த்தம்.

அவர் ரயில்வேயில் கூட்ஸ் கார்டு, சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியோடு போகிறவர். நாகல் நகரில் அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். எனக்கு அதே ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா வேலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் ஜன்னல் கார்டு.

கொடைக்கானலை விட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது, கார்டு ஒரு பெரிய கேமராவைப் பிடித்து வந்துவிட்டார். தேக்குமரப் பெட்டி, பித்தளை மூலைகள், ஆர்மோனியத்துக்கு இருப்பது போலத் துருத்தி, மூன்று கால், மூடிக்கொள்ளக் கறுப்புத் துணி எல்லாம் இருந்தன. லென்ஸ் மட்டும் இல்லை. அதை யாரோ புண்ணியவான் கழற்றிக்கொண்டு போயிருந்தான். அந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை.

"கண்ணில்லாத குதிரையப் பிடிச்சாந்து நடு வீட்ல கட்டியிருக்காரு தம்பி. இனிமே இதுக்குக் கண்ணு தேடி அலையணும்" என்றார் சவரியம்மா அக்கா. கார்டின் மனைவி.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. யுத்த காலத்தில் நடந்த கல்யாணம். கோயிலில் தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளைக்கு டூட்டி வந்துவிட்டது. படமெடுக்க வந்தவர், பெண்ணை மட்டும் தனியாக நிற்கவைத்து எடுத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே ஆசை, இருவரும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு படம். ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று பட்டுச்சேலை கட்டிய ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்தது.

"நானே எடுக்குறேன் சவரி. எந்த லென்சுன்னு மட்டும் முடிவு பண்ணிக்கிறேன். செத்த நேரம் பொறு" என்றார் கார்டு. அந்தச் செத்த நேரம் இரண்டு வருஷம் நீண்டது.

சிக்கல் இதுதான். அவர் சக்திக்கு ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். லென்ஸுக்கு அங்குலக் கணக்கு என்பது அதன் குவியத் தூரம். எட்டு அங்குல லென்ஸ் என்றால் கிட்ட நின்றே கூட்டத்தை எடுத்துவிடலாம், ஆனால் தூரத்தில் இருப்பது சுருங்கிப் போகும். பதினாறு அங்குலம் என்றால் தூரத்து மலையும் பெரிதாக எழுந்து நிற்கும், ஆனால் எடுப்பவர் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைக்குப் போகாமலே இதைச் சோதித்துப் பார்க்க எந்தப் புத்தகத்திலோ ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தின் அளவுக்கு அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டினார். அதில் ஒரு நூலைக் கட்டி, எட்டு அங்குலத்தில் ஒரு முடிச்சு, பதினாறில் ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்து, நூல் விறைக்க அட்டையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், அந்த லென்ஸுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும். டூட்டி இல்லாத நேரமெல்லாம் அவர் நூலைக் கடித்தபடி ஊரைச் சுற்றினார்.

முதலில் மாட்டியவர் பிரியாணிக் கடை பாய். மத்தியானக் கூட்டத்தில் கடைக்கு எதிரே நின்று, காக்கி உடுப்பில் ஒருவர் அட்டையைத் தூக்கி அளந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? முனிசிபாலிட்டி ஆக்கிரமிப்பை அளக்க வந்துவிட்டது என்று பாய் முடிவு கட்டிவிட்டார்.

"சார், பெஞ்சை ரெண்டடி உள்ள இழுத்துட்டேன். போதுங்களா?"

"ம்ம்... ம்ஹும்" என்றார் கார்டு. பல்லில் நூல்.

"போதாதா? யா அல்லா! டேய், இன்னும் ரெண்டடி இழுங்கடா!"

கார்டு எட்டிலிருந்து பதினாறுக்கு மாறினார். பாய் பெஞ்சிலிருந்து மேஜைக்கு மாறினார். கால் மணி நேரத்தில் மொத்தக் கடையும் அடுப்படிக்குள் போய்விட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் இலையோடு நின்றார்கள். கடைசியில் நூலைத் துப்பிவிட்டுக் கார்டு தீர்ப்புச் சொன்னார்: "உங்க கடைக்கு எட்டு அங்குலம்தான் பாய் சரிப்படும்." வெறும் எட்டு அங்குலத்தோடு போயிற்றே என்ற நிம்மதியில் பாய் அவருக்கு ஒரு பிளேட் பிரியாணியும் கொடுத்தனுப்பினார்.

பதினாறின் விவகாரம் வேறு. அதற்குப் பின்பக்கமாக நடக்க வேண்டும். ஒருநாள் தோல் பதனிடும் ஷெட்டின் முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தவர், ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் ஒரு காலை விட்டுவிட்டார். உள்ளே பத்து நாளாகத் தோல் ஊறிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை ஏறிய செம்பழுப்புச் சாயம் மாதக் கணக்கில் போகவில்லை. திண்டுக்கல்லில் பதனிடப்பட்ட ஒரே ரயில்வே கார்டு அவர்தான்.

இரண்டு வருஷ ஆராய்ச்சியின் முடிவு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாண வீடு, பள்ளிக்கூடம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் எட்டுதான். ரிட்டையரான பிறகு படமெடுத்துக் காலம் தள்ளுவதாக இருந்தாலும் எட்டுதான். அப்போதுதான் வடக்கே ஒரு ஜங்ஷனுக்கு அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை. "இந்தா பாருங்க. ஊரை விட்டுப் போறதுக்குள்ள நம்ம மலைக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும். இல்லைன்னா நான் எரியோட்டுக்கு எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன். நீங்க அந்த அட்டையக் கூட்டிக்கிட்டுப் போயி குடும்பம் நடத்துங்க."

கார்டு ஆடிப்போய் மெட்ராஸ் கடைக்கு எழுதினார். எட்டு ஒன்று, பதினாறு ஒன்று, இரண்டையும் அனுப்பினார்கள். பத்து நாளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். என் கையால்தான் அந்தப் பார்சலை இறக்கினேன்.

ஊருக்கு வெளியே தண்டவாளத்தை ஒட்டிய தரிசில், மலை எதிரே தெரிகிற இடத்தில் கேமராவை நிறுத்தினோம். மலைக்கு முன்னால் நான் மாதிரிக்கு நின்றேன். அக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்தக் கேமராவின் பின்கண்ணாடியில் எதுவும் தலைகீழாகத்தான் விழும். முதலில் எட்டு.

"மலை எங்கங்க?"

"அந்தா, தம்பிக்குப் பின்னாடி."

"இதுவா? பணியாரம் தலைகீழாத் தொங்குது. இதுக்கா ரெண்டு வருசம்?"

அடுத்து பதினாறு. கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ப் போய்த் தண்டவாளக் கரைக்கே வந்துவிட்டார் கார்டு. அக்கா மறுபடி துணிக்குள் போனார். வெளியே வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுலதாங்க மலை மலையா இருக்கு" என்றார்.

கார்டு அங்கேயே எட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கார்டய்யா, எட்டுதான்னு நீங்களே ஊர் பூராச் சொன்னீங்க. பதினாறை வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள யாரை எடுப்பீங்க? மூக்கு மட்டும்தான் வரும்."

"ஊருக்கு எட்டு தம்பி. இவளுக்குப் பதினாறு. ரெண்டு வருசமா ஊரைத்தான் பாத்துட்டேனே" என்றார்.

மறுநாள் வெயில் ஏறுமுன் மூவரும் அங்கே போனோம். கார்டு காக்கி உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அக்கா அந்தப் பட்டுச்சேலையில். இருவரும் முப்பது தப்படி தள்ளி, கேமராவையும் தண்டவாளத்தையும் பார்த்து நின்றார்கள். எனக்குக் கார்டு தன் கொடிகளையே கொடுத்திருந்தார். சிவப்புக் கொடியைக் காட்டினால் மூச்சு விடக் கூடாது. நான் லென்ஸின் மூடியைக் கழற்றி, ஏழு எண்ணி, மூடியை மாட்டிப் பச்சை காட்டினால் விடலாம். மலையும் முகமும் ஒருசேரத் துலங்க வேண்டுமென்றால் ஏழு எண்ணியாக வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. "வண்டி அது பாட்டுக்குப் போகும், நீ எடு!" என்று கத்தினார் கார்டு. சிவப்பைக் காட்டினேன். மூடியைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சிலை மாதிரி நின்றார்கள். நான்கு எண்ணும்போது வண்டியின் கடைசிப் பெட்டி என்னைக் கடந்தது. அதில் நின்ற கார்டு வழக்கம்போலப் பச்சைக் கொடியை வெளியே நீட்டினார். அதைக் கண்டதும் நம்மவரின் வலது கை தானாக உயர்ந்தது. தலை திரும்பியது. 'எல்லாம் சரி' என்று அந்த வண்டிக்கு முறையாகக் கையசைத்து வழியனுப்பிவிட்டுத்தான் திரும்பினார். நான் ஏழு எண்ணி முடித்திருந்தேன்.

அடுக்களை ஜன்னலுக்குக் கம்பளி போட்டு இருட்டாக்கிப் படத்தைக் கழுவி எடுத்தார் கார்டு. மலை அப்படியே நின்றது. அக்காவின் சேலைக் கரைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்தில் கார்டுக்கு ஒன்றரை முகம். வலது கை இருந்த இடத்தில் ஒரு புகை.

கார்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சவரி, நாளைக்கு இன்னொரு படம் எடுப்போம். என் கையக் கட்டிப் போட்டுரு."

அக்கா படத்தைக் கொடுக்கவே இல்லை. "வேணாங்க. நான் கட்டிக்கிட்ட நாள்லருந்து நீங்க இப்படித்தான் இருக்கீங்க. பாதி எங்கிட்ட, பாதி ரயில்ல. இதுல உள்ளது உள்ளபடி விழுந்திருக்கு. எனக்கு இதே போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. படத்தைப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துத்தான் ஊர் போனார்.

ஜங்ஷனில் வண்டி கிளம்பும்போது கார்டு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைய ஒரு படம் எடுக்கலையே தம்பி. அடுத்த லென்ஸ் எட்டுதான். வந்து உன் ரூம்ல வச்சே எடுக்குறேன்" என்றார். சரி என்று தலையாட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கம் அவர் அப்புறம் வரவே இல்லை. எனக்குப் படம்கூட வேண்டாம், மனிதர் ஒரு தடவை வந்து எதிரே நின்றால் போதும்.