கேம் பேய் பிடிக்கும் முள்

புதுப்பட்டினம் கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை. ஆனாலும் செருப்பு விட இடமில்லை. 2003ஆம் வருஷம். பிள்ளைகளின் மூளையில் வீடியோ கேம் பேய் புகுந்துவிட்டதாம். அதை விரட்ட 'மின்காந்த மகான்' சதாசிவம் வந்திருந்தார். கீழே காவி வேட்டி, மேலே வெள்ளைக் கோட்டு. பாதி சாமி, பாதி டாக்டர்.

பிள்ளையின் தலைக்கு மேல் திசைகாட்டியைப் பிடிப்பார். முள் சுழன்றால் பேய். முள் சுழலாத தலையை இதுவரை யாரும் கண்டதில்லை.

"அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணிருக்காங்க!" என்பார். யார், எங்கே, எத்தனை பிள்ளைகளை வைத்து? கேட்டால் பேய்க்குக் கோபம் வந்துவிடும். "செவுத்துக்கு அந்தாண்ட இருந்தாலும் என் முள்ளு காட்டிக் குடுத்துடும்!" கூட்டம் கைதட்டிவிட்டு, ஐந்நூறு ரூபாய்க்குக் காந்தத் தாயத்து வாங்கியது.

முத்துசாமியும் வாங்கினான். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பொன்னிக்கு மார்க் இறங்கியிருந்தது, தலைவலி வேறு. ஞாயிற்றுக்கிழமை கேம் கடையில் அவள் கார் ஓட்டியதை அவன் பார்த்துவிட்டான். போதாதா? நாற்பது நாள் இருட்டறை. புத்தகம், பள்ளிக்கூடம் இரண்டும் கூடாது என்றார் மகான். முழுப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அவன் மனைவி வேண்டா, பள்ளியில் சத்துணவு சமைப்பவள். அவள் அவனை மறித்துக் கேட்டாள்.

"போர்டுல எழுத்தே தெர்லன்னு புள்ள சொல்லிகினு கீது. கண்ணக் காட்டாம தாயத்து கட்றியே! ரொம்ப நேரம் ஆடுனா தூக்கம் கெடும், படிப்பு கெடும், போதும்னு சொல்லு. அதுக்கு பேய் இன்னாத்துக்கு?"

"நீ இன்னா பெரிய டாக்டரா? அவுரு ஆராய்ச்சி சொல்றாரு."

"அப்போ நானும் ஒண்ணு பண்றேன்."

மறுநாள் மண்டபத்தில் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டினாள். பின்னால் மூன்று நாற்காலிகள். மூன்று தொப்பிகளின் நுனி மட்டும் மேலே தெரிந்தது.

"செவுத்துக்கு அந்தாண்டயே சொல்லுவீங்களாமே சாமி. இது வெறும் போர்வைதான். சொல்லுங்க."

கூட்டம் ஆவலாகப் பார்த்தது. மகானால் பின்வாங்க முடியவில்லை. முதல் தொப்பிக்கு முள் லேசாக ஆடியது: "ஒரு மணி நேரம்." இரண்டாவதற்கு: "ரெண்டு." மூன்றாவதற்கு மோதிரம் போட்ட கையை முள்ளருகே கொண்டுபோனார், முள் கிறுகிறுவென்று சுழன்றது.

"ஐயோ! தெனம் நாலு மணி நேரம் ஆடுறான்! மூள உருகுது! பெத்தவங்க யாரு?"

வேண்டா போர்வையை உருவினாள். முதல் இரண்டு நாற்காலியில் பள்ளிப் பிள்ளைகள். மூன்றாவதில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, சாம்பாருக்கு வந்த பூசணிக்காய்.

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அவர் கையைப் பிடித்து இரும்பு நாற்காலியில் வைத்தாள். மோதிரம் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. காந்தம்! மகான் மோதிரத்தை அங்கேயே கழற்றிவிட்டுக் கல்பாக்கம் பக்கம் ஓடினார்.

அன்றே முத்துசாமி தலையைக் குனிந்துகொண்டு மகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனான். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் பொன்னி தெருமுனைப் பெயர்ப்பலகையை எழுத்து விடாமல் படித்தாள். பரீட்சையும் எழுதினாள்.

ஏமாந்தவர்களில் ஒருவர் வேண்டாவிடம் வந்து மெல்லக் கேட்டார்: "இவன் டூப்பு, சரி. நெஜமான சாமி யாராச்சும் தெரியுமாம்மா?"

"கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிகினு கீறியே அண்ணாத்த," என்றாள் வேண்டா, "அத்த ஒரு நாளாச்சும் தெறந்து பாரேன்!"