தாரிணி யார் பெயரைச் சொன்னாள்?

நாயுடுபுரம், கொடைக்கானல்.
ஞாயிற்றுக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பின்.

மரியாதைக்குரிய எழுத்தாளர் விசாலாட்சி அம்மையார் அவர்களுக்கு, நாயுடுபுரத்தில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் நசுருதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டார் ரோஷன் பேகமும் பிளஸ் டூ முடித்த மகள் ஸைமாவும் உடலளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அங்கே தாங்களும், குறிப்பாகத் தாங்கள் எழுதும் கையும், நலமாக இருக்க வேண்டும். பின்னட்டைப் படத்தில் தாங்கள் என் மகளுக்கு அக்காள் போல இருப்பதால், ‘அம்மையார்’ என்றது பிழையானால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் தங்களின் ‘பதினேழாம் மதில்’ நாவல். நான் கதைப் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. போன செவ்வாய்க்கிழமை என் வீட்டார் அதை ஸைமாவின் அலமாரியில் பார்த்து, அட்டையில் ஊர் எரிவதைக் கண்டு பயந்து, கடைக்கே கொண்டுவந்துவிட்டார். “இத வெரசா படிச்சுப் பாத்து, புள்ள படிக்கிற மாதிரி இருக்கான்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவகிட்ட மூச்சு விட்றாதீங்க.” சரிம்மா என்றேன். அவர் போய் ஒரு மணி நேரத்தில் மகள் வந்து நிற்கிறாள். “அத்தா, என் புக்கக் காணோம். அம்மாதான் எடுத்திருக்கணும். உள்ள ஒரு பேப்பர் இருக்கு. கண்டுபிடிச்சு எங்கிட்ட மட்டும் குடுங்க, அம்மாகிட்ட சொல்லிராதீங்க.” அவளுக்கும் சரிம்மா என்றேன். புத்தகம் அப்போது என் மடியில்தான் இருந்தது. மேலே ஒரு மஃப்ளரைப் போட்டு மூடியிருந்தேன்.

அந்தப் பேப்பரையும் பார்த்தேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் பத்திரிகைத் துறை படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அம்மா அப்பா இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். என் வீட்டாரோ, பழனியில் அவருடைய அக்காள் வீட்டில் மகளைத் தங்கவைத்து பி.காம். படிக்க வைப்பதாக அக்காளுக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். நான் யார் பக்கம்? தெரியாமல்தான் நாவலைத் திறந்தேன், அதோடு என் வியாபாரம் முடிந்தது. கதாநாயகி தாரிணியை வளர்த்த காவல்தலைவி ஒரு பக்கம், அரசை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடும் சொந்த அண்ணன் மறு பக்கம், இரண்டு பேரும் அவளை நம்பி அடுத்தவரை உளவு பார்க்கச் சொல்கிறார்கள். முதலில் காவல்தலைவியைக் கெட்டவள் என்று முடிவு கட்டினேன். பிறகு பார்த்தால், தாரிணிக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை எப்படி வெறுப்பது, சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் இருந்தபோது ஓர் இளம் ஜோடி வந்து ஸ்வெட்டர் கேட்டது, ஏதோ எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அந்தப் பையன் திரும்பி வந்து, “அண்ணே, ரெண்டு கைக்குழந்தைக் குல்லாய் குடுத்திருக்கீங்க. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு நாள்தாங்க ஆச்சு” என்றான்.

வியாழக்கிழமை, தாரிணி இரண்டு பேரையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, “உங்கள் இருவருக்கும் உளவு சொன்னவள் நான்தான்” என்று ஒப்புக்கொள்ளும் அத்தியாயத்தைப் படித்தேன். கடையிலேயே அழுதுவிட்டேன். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இருக்கும் தைரியம் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இல்லையே என்று, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், தேநீர் வைத்திருந்த மேஜையில் புத்தகத்தையும் கல்லூரிக் கடிதத்தையும் வைத்தேன். “ஒங்க ரெண்டு பேருக்கும் ரகசிய ஆளு நான்தான். ரெண்டு பேருகிட்டயும் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

என் வீட்டார் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். “மெட்ராஸா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடீ?”

“பழனின்னு முடிவு பண்ணும்போது என்னையக் கேட்டீங்களாம்மா?”

பிறகு ரோஷன் மெதுவாக, “எனக்குப் பயமா கெடக்குடீ. அங்க ஒனக்கு ஒண்ணுன்னா யாரு இருக்கா?” என்றார். ஸைமா எழுந்து போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “போன் பண்ணுவேம்மா. பொய் சொல்ல மாட்டேன், எல்லாத்தையும் ஒங்ககிட்ட சொல்லுவேன்.”

எனக்கும் கண் கலங்கியது. அதற்குள் இருவரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். “மூணு நாளா இத வச்சுக்கிட்டு எப்படிங்க எங்கையால சோறு வாங்கித் தின்னீங்க?” என்றார் ஒருவர். “புக்கத் தேடுறேன்னு கட்டிலுக்கு அடியில எல்லாம் படுத்துப் பாத்தீங்களே அத்தா!” என்றாள் இன்னொருத்தி. அன்று முதல் அவர்கள் ஒரு கட்சி, நான் தனிக்கட்சி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டார் எட்டாவது வரைதான் படித்தவர். வெள்ளிக்கிழமை வெள்ளனே எழுந்து, கடை பில்லின் பின்பக்கத்தில் ஆறு முறை கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டு, ஏழாவதைக் கல்லூரித் தாளில் கோணாமல் போட்டார். கீழே நானும் போட்டேன், என்னுடையதுதான் கோணல். அடுத்த வாரம் தாயும் மகளும் விடுதியைப் பார்க்கச் சென்னை போகிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

இத்தனைக்கும் காரணமான தங்களிடம் ஒரே ஒரு முறையீடு. கடைசி அத்தியாயத்தில், காவல்தலைவி, அண்ணன் இருவரில் ஒருவர்தான் பிழைக்கலாம், நீ நம்புகிறவரின் பெயரைச் சொல் என்று தாரிணியைக் கேட்கிறார்கள். “அவள் ஒரு பெயரைச் சொன்னாள்” என்று எழுதி நாவலை முடித்துவிட்டீர்கள். இது நியாயமா? ஸைமா அண்ணன் என்கிறாள். இரண்டே நாளில் படித்து முடித்த ரோஷன் காவல்தலைவி என்கிறார். எனக்குத் தெரியாமல் சோறு இறங்கவில்லை. எப்படியானாலும், இனி எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் ஒளிவுமறைவே கிடையாது என்று மூவரும் சத்தியம் செய்திருக்கிறோம். அந்தப் புண்ணியம் தங்களுடையது. இந்த மலையில் மேகம் இறங்குவது போலத் தங்கள் தாளில் வார்த்தை இறங்கட்டும். தங்கள் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் துஆ.

இப்படிக்கு,
தங்கள் புது வாசகன்,
நசுருதீன்.

பின்குறிப்பு: இரண்டாம் பாகம் வந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பாமல் கடை முகவரிக்கு அனுப்பவும். யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூன்றாம் இடம். உறையின் மேல் ‘கம்பளி நூல் சாம்பிள்’ என்று எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தக் கடிதம் எழுதியதும் அவர்கள் இருவருக்கும் தெரியாது.